கோழித் தீவனத்துக்குள் ஒரு லாரி சர்வீஸ்

நாமக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது மூன்று: ஆஞ்சநேயர், லாரி, முட்டை. பக்கத்திலிருக்கும் திருச்செங்கோட்டையும் சேர்த்துக்கொண்டால் நான்காவதாக போர்வெல் வண்டி. இதில் ஆஞ்சநேயரைத் தொந்தரவு செய்யாமல் மற்ற மூன்றையும் வைத்தே ஒரு வேதியியல் பாடம் நடத்திவிடலாம். பி.காம் படிக்கிறவர்களுக்குக்கூடப் புரியும். (அவர்களுக்குத்தான் முக்கியமாகப் புரிய வேண்டும். விஷயம் கடைசியில் பணத்தில்தான் போய் நிற்கிறது.)

முதலில் ஒரு வதந்தி. "பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போட்டு ஊத வைக்கிறாங்க" என்று டீக்கடையில் ஆரம்பித்து வாட்ஸ்அப் வரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டாலே இது நிற்காது. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் குடலிலேயே செரித்துப்போகும். ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. 5,000 கோழி இருக்கிற ஒரு கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட ஆள் கூலி எவ்வளவு, மருந்து விலை எவ்வளவு? கிலோவுக்கு சில ரூபாய் மிஞ்சினாலே பெரிது என்று இருக்கிற தொழிலில் எவனும் இதைச் செய்யமாட்டான். கறிக்கோழி 40 நாளில் இரண்டு கிலோ தாண்டுவதற்குக் காரணம் பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனமும், கிராம் கணக்கில் அளந்த தீவனமும்தான்.

இல்லாத ஊசிக்கு இவ்வளவு பயப்படும் ஊர், கண்ணெதிரே இருக்கிற தீவன மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்பதேயில்லை. மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு, சுண்ணாம்புக்கல் எல்லாம் சரி. அதோடு டன்னுக்கு சில கிராம் கணக்கில் இன்னொன்றும் சேர்க்கிறார்கள். சலினோமைசின், மொனென்சின், மடுராமைசின் என்று பல பெயர்கள். குடும்பப் பெயர் அயனோஃபோர். தமிழில் வேண்டுமென்றால் அயனி சுமப்பி. செல்லின் சவ்வைத் தாண்டி அயனிகளைச் சுமந்துகொண்டு போகும் மூலக்கூறு.

இங்கேதான் லாரி வருகிறது.

கோழியோ மனிதனோ, ஒவ்வொரு செல்லையும் சுற்றி கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகளுக்குத் தண்ணீர்தான் சொந்த ஊர். எண்ணெய்க்குள் அவை தானாக நுழையாது. அதனால் செல் தனக்குள்ளே பொட்டாசியத்தை அதிகமாகவும் சோடியத்தைக் குறைவாகவும் வைத்துக்கொள்ள முடிகிறது. கசிந்து வரும் சோடியத்தை வெளியே இறைத்துக்கொட்ட பம்புகள் இரவு பகலாக ஓடுகின்றன. பம்பு ஓட கரண்ட் மாதிரி ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். நரம்பு துடிப்பதும், தசை சுருங்குவதும், இதயம் அடிப்பதும் இந்த உள்-வெளி வித்தியாசத்தை நம்பித்தான்.

அயனோஃபோர் என்பது தார்பாய் போட்டு மூடிய லாரி. உள்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் சோடியத்தைக் கயிறு கட்டினாற்போல் பிடித்துக்கொள்ளும். வெளிப்பக்கம் முழுக்க எண்ணெய்த்தன்மை. கொழுப்புச் சவ்வு என்ற செக்போஸ்ட்டில் "நம்ம ஆளுதான்" என்று விட்டுவிடுவார்கள். மொனென்சின் சோடியத்தை உள்ளே இறக்கிவிட்டு, திரும்பும்போது ஹைட்ரஜன் அயனியை ஏற்றிக்கொண்டு வெளியே வரும். ஆமாம், ரிட்டர்ன் லோடு! நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இதைவிட எளிதாக விளக்க முடியாது. இன்னொரு ரகம் மூலக்கூறுகள் சுமப்பதில்லை, சவ்வில் நேராகத் துளை போட்டு அயனிகளைத் தானாகப் பாய விடும். கிராமிசிடின் அந்த ரகம். அது திருச்செங்கோட்டு போர்வெல்.

இந்த லாரிகளை மனிதன் தன் கையால் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு பதில் 1967-ல் வந்தது. அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் பெடர்சன் வேறு எதையோ செய்யப்போய், மிகக் குறைவாகக் கிடைத்த ஒரு வெள்ளைப் படிகத்தைத் தூக்கியெறியாமல் ஆராய்ந்தார். வளையமாக இருந்த அந்த மூலக்கூறு நடுவில் பொட்டாசியத்தை உட்கார வைத்துக்கொண்டது. ராஜா தலையில் கிரீடம் மாதிரி இருந்ததால் கிரவுன் ஈதர் என்று பெயர். கொரியாவில் பிறந்த இந்த மனிதருக்கு பி.எச்டி பட்டம் கிடையாது. 1987-ல் நோபல் பரிசு மட்டும் கிடைத்தது, டொனால்ட் கிராம், ழான்-மாரி லென் இருவரோடும் பகிர்ந்து. டிகிரி விஷயத்தில் வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் இந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம் :-)

கோழித் தீவனத்தில் இருப்பவை பெடர்சன் வழி வந்தவை அல்ல. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் போன்ற நுண்ணுயிர்கள் செய்தவை. மொனென்சினின் அமைப்பு வெளியானதும் அதே 1967-ல்தான். கோழிக்கு அமெரிக்காவில் 1971-ல் விற்பனைக்கு வந்தது. ஹார்வர்டில் யோஷிதோ கிஷி குழு 1979-ல் அதை ஆய்வகத்திலேயே அணு அணுவாகக் கட்டிக் காட்டியது. ஆனால் வியாபாரத்துக்கு இன்றைக்கும் நொதிக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள், அதுதான் மலிவு.

சரி, கோழிக்கு இது எதற்கு? ரத்தக் கழிச்சல். ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி குடல் சுவரைத் தின்றுவிடும். குஞ்சு கூம்பிப்போய் நிற்கும், எச்சத்தில் ரத்தம் வரும். சாகாமல் தப்பிய கோழியும் தின்ற தீவனத்துக்கு எடை போடாது. கூளத்தில் வளரும் எந்தக் கொட்டகையிலும் இது இல்லாமல் இருக்காது, ஈரமான மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். உலகம் முழுக்க இந்த நோயால் ஆகும் செலவு 2016-ன் விலைவாசிப்படி ஆண்டுக்கு சுமார் 1,000 கோடி பவுண்டு என்று 2020-ல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. நம் லாரி இங்கே என்ன செய்கிறதென்றால், ஒட்டுண்ணிக்குள் சோடியத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அது பம்பை ஓட்டி ஓட்டி எரிபொருள் தீர்ந்து, தண்ணீர் உள்ளே புகுந்து, உப்பி, செத்துப்போகிறது. கோழியின் செல் மட்டும் எப்படித் தப்பிக்கிறது? அளவு. அவ்வளவுதான். மொனென்சின் என்றால் தீவனத்தில் கிலோவுக்கு 100 முதல் 125 மில்லிகிராம். சலினோமைசின் அதில் பாதி அளவு. மடுராமைசின் வெறும் 5 மில்லிகிராம்.

அந்த 5 மில்லிகிராமை கவனிக்க வேண்டும். 1 சதவீத பிரிமிக்ஸ் என்றால் ஒரு டன் தீவனத்துக்கு 500 கிராம். கலக்கிற ஆள் கவனமில்லாமல் ஒரு கிலோ பாக்கெட்டை முழுதாகக் கொட்டினால் இரட்டிப்பு. அந்த அளவிலேயே கோழிக்கு நஞ்சு ஆரம்பித்துவிடும். தீவனம் எடுக்காது, கால் விழுந்துவிடும். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் இவ்வளவு குறுகலான சந்து இருக்கிற பொருள்கள் மனிதர்களுக்கான மருந்துக்கடையில் டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்காது. தீவன உலகத்தில் அது மூட்டையோடு மூட்டையாக வருகிறது.

கோழியாவது பரவாயில்லை. மொனென்சினை கோழி உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 200 மில்லிகிராம் வரை போனால்தான் பாதி சாகும். குதிரைக்கு 2 முதல் 3 மில்லிகிராம் போதும். அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தைக்கு வரும் குதிரைகளை நினைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 300 கிலோ குதிரைக்கு 600 மில்லிகிராம். மொனென்சின் கலந்த கோழித் தீவனம் ஐந்தாறு கிலோ தின்றாலே அந்த அளவு வந்துவிடும். 10 சதவீத பிரிமிக்ஸாக இருந்தால் 6 கிராம், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே. இதயத்தசை செத்து, நின்ற இடத்தில் விழும். வான்கோழிக்கு சலினோமைசின் ஆகாது. கின்னிக்கோழிக்கும் ஆகாது. சேலம், நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களில் ஒரே வேலிக்குள் கோழிக் கொட்டகை, இரண்டு மாடு, நாலு வான்கோழி, ஒரு நாய் இருப்பது சாதாரணம். சிந்திய தீவனத்தைக் கூட்டி "வீணாப் போகுதே" என்று இன்னொன்றுக்குப் போடுவது நம் ஆட்களின் சிக்கன புத்தி. குற்றம் சொல்ல முடியாது, மூட்டையில் வேண்டாம் என்று தமிழில் எழுதியிருந்தால்தானே.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. கோழிக்கு மூச்சுக்குழல் நோய் வந்தால் தண்ணீரில் டியாமுலின் என்ற மருந்து கொடுப்பார்கள். நல்ல மருந்துதான். ஆனால் தீவனத்தில் மொனென்சின், சலினோமைசின், நாராசின் இவற்றில் ஒன்று இருந்தால், டியாமுலின் கல்லீரலில் அதன் கழிவை அடைத்துவிடும். சரியான அளவில் கலந்த அயனோஃபோரே உடம்பில் தேங்கி விஷமாகிவிடும். கால்நடை மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருக்கும் பழைய சமாச்சாரம் இது. டாக்டர்களுக்குத் தெரியும். கொட்டகையில் நிற்கிறவருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

கொட்டகையில் நிற்கிறவர் யார் என்று பார்த்தால் வணிகவியல் ஆரம்பிக்கிறது. கறிக்கோழித் தொழில் தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஒப்பந்த முறை. குஞ்சும் கம்பெனியுடையது, தீவனமும் கம்பெனியுடையது, மருந்தும் கம்பெனியுடையது. விவசாயிக்கு கொட்டகை, கரண்ட், தண்ணீர், உழைப்பு. கடைசியில் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. தீவனம் எவ்வளவு தின்று எவ்வளவு எடை வந்தது என்ற விகிதத்தில் கூலி ஏறும், இறங்கும். ஆக, தீவனத்தால் வரும் லாப நட்டத்தில் ஒரு பங்கு அவர் தலையில். தீவனத்தில் என்ன இருக்கிறது என்ற தகவல் மட்டும் அவர் கையில் இல்லை. தகவல் சமமின்மை என்று மூன்றாவது செமஸ்டரில் பழைய கார் உதாரணத்தோடு நடத்துவார்களே, அதற்கு டெட்ராய்ட் வரை போக வேண்டியதில்லை. பரமத்தி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும்.

முட்டைக்கோழிக்காரர் நிலைமை வேறு. நாமக்கல்லில் பெரிய முட்டைப் பண்ணைகள் பலவும் சொந்தமாகத்தான் தீவனம் அரைக்கின்றன. அவர்களுக்கு என்ன போடுகிறோம் என்பது தெரியும். வளரும் குஞ்சுப் பருவத்தில் மட்டும் அயனோஃபோர், முட்டையிட ஆரம்பிக்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. கூண்டில் ஏறிய கோழி தன் எச்சத்தைத் தொடுவதில்லை, அதனால் ரத்தக் கழிச்சல் பயமும் குறைவு. ஆனால் ஒரே மிக்ஸரில் காலையில் குஞ்சுத் தீவனம், மத்தியானம் முட்டைக்கோழித் தீவனம் ஓடினால்? மிக்ஸர் சுவரில் ஒட்டியது அடுத்த பேட்சில் வரும். இந்த மருந்துகள் கொழுப்பில் கரைபவை, மஞ்சள் கருவில் போய் உட்காரும். ஐரோப்பிய யூனியன் 2009-ல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டது. இலக்கில்லாத தீவனத்தில் அனுமதிக்கப்பட்ட அளவின் 3 சதவீதத்துக்கு மேல் கலப்பு கூடாது, முட்டைக்கோழி மாதிரி நுட்பமான இடங்களில் 1 சதவீதம். வழித்துத் துடைத்தாலும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, எவ்வளவு ஒட்டலாம் என்று எழுதிவைத்த சட்டம். ஒட்டவே ஒட்டாது என்று சாதிப்பதைவிட இது நேர்மையானது.

இத்தனையும் படித்துவிட்டு "அப்படியானால் எல்லாவற்றையும் தடை செய்" என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். மனிதனுக்குப் பயன்படும் ஆன்டிபயாடிக்குகளையும் அயனோஃபோரையும் ஒரே மூட்டையில் கட்டுவது பெரிய தவறு. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. மற்ற எல்லாம் தோற்ற பிறகு ஐசியூவில் கடைசியாகக் கொடுப்பது. அதைக் கோழிக்கு வளர்ச்சிக்காகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் இந்தியா அதை உணவுக்கான கால்நடைகளில் தடை செய்தது. அது சரியான தடை, தாமதமான தடை. கோழித் தீவனத்தில் சேர்க்கும் இந்த அயனோஃபோர் எதுவும் மனித மருத்துவத்தில் இல்லை. நம் இதயம் அதைத் தாங்காது என்பதே முக்கியக் காரணம். ஆகவே கோழியில் அதற்கு எதிர்ப்புச் சக்தி வளர்ந்தால் நாளை ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து வீணாகும் என்ற நேரடி பயம் இல்லை.

அமெரிக்காக்காரர்கள் இந்த வித்தியாசத்தை அடிபட்டுத்தான் கற்றார்கள். அங்கே சட்டப்படி அயனோஃபோரும் ஆன்டிபயாடிக் கணக்கில் வரும். "ஆன்டிபயாடிக்கே இல்லை" என்று லேபிள் ஒட்ட வேண்டுமென்றால் இதையும் நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள். ஒட்டுண்ணியைச் சமாளிப்பது சிரமமானது. கடைசியில் 2023-ல் டைசன் கம்பெனி "மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக் இல்லை" என்ற நீளமான லேபிளுக்கு மாறியது. கேட்க அவ்வளவு கவர்ச்சியில்லை, ஆனால் அதுதான் உண்மைக்குப் பக்கம். நம்மூர் சூப்பர் மார்க்கெட்டில் "ஆன்டிபயாடிக் ஃப்ரீ" என்று பச்சை இலை படம் போட்டு இரண்டு மடங்கு விலைக்கு விற்கும் முட்டைப் பெட்டிகளும் எந்த அர்த்தத்தில் அப்படிச் சொல்கின்றன என்று ஒரு வரி அச்சிடலாம்.

மறுபக்கமும் உண்டு. நார்வே கோழித் தொழில் 2016 வாக்கில் நாராசினைத் தானாகவே கைவிட்டது. சுவீடன் கோழிகளிலிருந்து எடுத்த என்டரோகாக்கஸ் பாக்டீரியாவில், நாராசினைத் தாங்கும் மரபணுவும் வான்கோமைசினைத் தாங்கும் மரபணுவும் ஒரே பிளாஸ்மிடில் ஜோடியாக இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். வான்கோமைசின் மனித மருந்து. அதாவது கோழிக்கு நாராசின் கொடுத்தால் வான்கோமைசின் எதிர்ப்பும் ஓசியில் சவாரி செய்யலாம். "முழுக்கப் பாதுகாப்பு" என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வதை இந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முழுக்க மனிதன் தயாரித்த சுமப்பிகளும் இதே மாவட்டங்களில் ஓடுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. மேச்சேரி ஆட்டுக்கு வயிற்றுப் புழுவுக்கும் ஈரல் புழுவுக்கும் ஊற்றும் க்ளோசான்டெல், ராஃபாக்சனைடு. நாடாப்புழுவுக்கு மனிதர்கள் சாப்பிடும் நிக்ளோசமைடு. இவை ஹைட்ரஜன் அயனியைச் சுமந்து, செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் அணையை உடைத்துவிடும். எரிபொருள் எரியும், கரண்ட் வராது. புழு செத்துப்போகும். க்ளோசான்டெல் அளவு கூடிப்போனால் ஆட்டுக்குக் கண் போய்விடும். எடை பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இதே வேலையைச் செய்யும் டிஎன்பி என்ற பொருளை 1930-களில் அமெரிக்காவில் உடல் இளைக்க மாத்திரையாக விற்றார்கள். ஆட்கள் உள்ளுக்குள் வெந்து செத்தார்கள். 1938-ல் அங்கே நிறுத்தினார்கள். ஆனாலும் இணையத்தில் ரகசியமாக விற்பனை தொடர, 2023-ல் பிரிட்டன் அதை விஷப் பொருள் பட்டியலில் சேர்த்தது. ஜிம்மில் யாராவது மஞ்சள் பொடி கொடுத்தால் ஓடிவிடுங்கள்.

ஆய்வகத்தில் இந்தத் துறை சும்மா இல்லை. புனேயில் ஐசர் நிறுவனத்தில் பினாகி தாலுக்தார் குழு குளோரைடைச் சுமக்கும் செயற்கை மூலக்கூறுகளைச் செய்துகொண்டிருக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் சுமார் 16,000 பொருள்களைச் சலித்தபோது, மார்பகப் புற்றின் ஸ்டெம் செல்களை எலியில் அடக்கியதாக மேலே வந்தது எது தெரியுமா? கோழித் தீவனத்தின் சலினோமைசின். இன்னும் மனிதனுக்கு மருந்தாகவில்லை. "நாமக்கல் தீவனம் கேன்சரை குணமாக்கும்" என்று யாரும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம்.

இந்தப் பேச்சில் கேட்க வேண்டியது பெரிய விஷயமே அல்ல. தீவன மூட்டையின் மேல் தமிழில் ஐந்து வரி. எந்த அயனோஃபோர், டன்னுக்கு எத்தனை கிராம். கறிக்கு விற்கும் முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும், அல்லது நிறுத்த வேண்டியதில்லை. முட்டையிடும் கோழிக்குப் போடாதே. குதிரை, வான்கோழி, கின்னிக்கோழிக்குப் போடாதே. டியாமுலினோடு சேர்க்காதே. ஒப்பந்தக்காரருக்குப் போகும் மூட்டையில் கம்பெனி இதை அச்சிட ஆகும் செலவு மூட்டைக்கு சில பைசா. "ஃபார்முலா ரகசியம்" என்று சொல்வார்கள். எத்தனை கிலோ சோளம், எத்தனை கிலோ சோயா என்பது ரகசியமாகவே இருக்கட்டும். போட்டிக் கம்பெனிக்காரன் ஒரு மூட்டையை வாங்கி ஆய்வகத்தில் கொடுத்தால் மருந்தின் பெயர் அவனுக்குத் தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பது கொட்டகைக்காரருக்கு மட்டும்தான்.

அடுத்தது சோதனை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-லிருந்து இருக்கிறது, அங்கேயே தீவனத்தைச் சோதிக்கும் ஆய்வகமும் இருக்கிறது. பண்ணைக்காரர்கள் சோளத்தில் அஃப்ளாடாக்சின் பார்க்க சாம்பிள் எடுத்துக்கொண்டு போகிறார்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் அயனோஃபோர் ஒட்டியிருக்கிறதா என்றும் அதே சாம்பிளில், வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கலாம். வளைகுடாவுக்குக் கப்பல் ஏறும் முட்டைக்கு ஆய்வகச் சான்றிதழ் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். சத்துணவுத் தட்டில் விழும் முட்டைக்கு எடை கேட்கிறார்கள், அழுகலா என்று பார்க்கிறார்கள். எடையோடு சேர்த்து இந்தச் சான்றிதழையும் டெண்டரில் ஒரு நிபந்தனையாக அரசு போட்டால், எந்த மிக்ஸரை எப்போது கழுவ வேண்டும் என்று யாரும் பாடம் எடுக்காமலே பண்ணைகள் கற்றுக்கொள்ளும். அவ்வளவு பெரிய வாடிக்கையாளரின் ஆர்டரை இழக்க நாமக்கல்லில் யாருக்கும் மனசு வராது.